தெரியாததை முதலில் சொல்பவர்

அக்காவின் கடையில் ஒரு தென்னந்துடைப்பம் இருந்தது. அதை வைத்து யாரும் தரையைக் கூட்டி நான் பார்த்ததில்லை. சுவரில் ஆணியடித்து, சாமி படங்களுக்கு நடுவிலேயே அதையும் மாட்டி வைத்திருந்தார். பழைய படம் ஏதாவது வந்தால் அதிலிருந்து ஒரு குச்சியை உருவுவார். வேலை முடிந்ததும் அந்தக் குச்சியை இரண்டாக உடைத்துப் போட்டுவிடுவார். ஒரு படத்துக்கு ஒரு குச்சிதான்.

கள்ளக்குறிச்சியில் படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி வைத்துக் கொடுக்கும் கடை அது. ஊரில் எல்லோரும் அவரை பிரேம் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. அவர் பெயரை நான் பயன்படுத்திக்கொண்டது போதும்.

எனக்கு இரண்டு தெரு தள்ளி போட்டோ ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் எப்படியோ புதுச்சேரிக்காரர் ஒருவரின் பழக்கம் ஏற்பட்டது. பழைய தஞ்சாவூர் ஓவியங்களைச் சேர்ப்பவர். பலாப்பலகையில் வரைந்து, தங்க ரேக்கு ஒட்டி, கண்ணாடிக் கல் பதித்திருப்பார்களே, அந்த ஓவியங்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் அப்படி ஏதாவது தொங்கினால் நான் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். பேசி முடித்தால் எனக்கும் ஏதாவது கிடைக்கும். உனக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். கேமரா வைத்திருப்பவனுக்குக் கண் இருக்கும் என்று மற்றவர்கள் நம்பினார்கள், கூடவே நானும் நம்பிவிட்டேன்.

நான் முதன்முதலில் பிடித்தது ஒரு தவழும் கிருஷ்ணன். திருக்கோவிலூரில் ஒரு தரகரிடம் கைக்காசைக் கொடுத்தே வாங்கி வந்துவிட்டேன். கண்ணாடி மட்டும் மாற்றலாம் என்று அக்காவின் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் மேசையில் துணியை விரித்து, கிருஷ்ணனைக் குப்புறப் போட்டார்.

“முன்னாடி பாருங்கக்கா, தங்கம் எப்படி மின்னுது” என்றேன்.

“முன்னாடி பாக்கத்தான் நீங்க இருக்கீங்களே தம்பி. நான் பின்னாடி பாக்கறன்.”

விரலை நாக்கில் தொட்டுப் பலகையில் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு அந்த விரலை என் மூக்கருகே நீட்டினார்.

“டீத்தண்ணிங்க. பழசு மாதிரி தெரியட்டும்னு ஊத்திக் காயவெச்சிருக்கான். நல்ல டீயிங்க, ஏலக்கா கூட தட்டிப் போட்டிருக்கான்.”

எனக்கு ஏலக்காய் வாசனை வரவில்லை. ஆனால் மூன்று நாளைக்கு வீட்டில் டீ குடிக்கப் பிடிக்கவில்லை. அதன் பிறகு அக்காவைக் கேட்காமல் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

துடைப்பக் குச்சியின் கதை எனக்கு அப்புறம்தான் விளங்கியது. சாமி படத்துக்கு நாம் கண்ணாடியின் மேலேதான் பொட்டு வைக்கிறோம். அது காய்ந்து உதிர்கிறது. உதிர்ந்தது கீழ்ச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் போய் விழுகிறது. வீட்டில் எவ்வளவு சுத்தம் பார்ப்பவர்களும் அந்த இடுக்கைத் துடைப்பதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு இடம் இருப்பதே யாருக்கும் தெரியாது. அக்கா குச்சியை அங்கே விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக இழுத்து, வருவதை வெள்ளைத்தாளில் தட்டுவார். குங்குமம், மஞ்சள், கற்பூரக் கரி, ஒரு அட்சதை அரிசி, எறும்பின் றெக்கை. குங்குமத்தில் எது போன வருஷத்தது, எது கறுத்துப்போன காலத்தது என்று குச்சி நுனியால் தள்ளித் தள்ளிப் பிரிப்பார். பொய்ப் படம் செய்கிறவன் பழைய கதவுப் பலகையைத் தேடுவான், பழைய ஆணியைத் தேடுவான். அந்த இடுக்கை மட்டும் மறந்துவிடுவான்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால் அக்கா வேதக்காரர், ஏசுவைக் கும்பிடுகிறவர். வாழ்நாளில் நெற்றியில் குங்குமம் வைத்தவர் இல்லை. முருகனுக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் மெக்கா படத்துக்கும் ஒரே அளவு ஆணிதான் அடிப்பார். “யார் சாமியா இருந்தா இன்னாங்க, கண்ணாடி ஒடஞ்சா எங்கிட்டதான வரணும்” என்பார்.

இவ்வளவு தெரிந்தவர் தீர்ப்புச் சொல்கிற விதம்தான் வினோதமாக இருக்கும். தெரிந்ததைச் சொல்வதற்கு முன் தெரியாததை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவார். “யாரு வரைஞ்சாங்கன்னு தெரியாதுங்க. எந்த ஊர்ல வரைஞ்சாங்கன்னு தெரியாது. எத்தினி வருசம்னு தெரியாது. இன்னா வெலை போவும்னு தெரியாது.” இதைக் கேட்கிறவருக்கு, இந்தம்மாவிடம் எதற்கு வந்தோம் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒரே ஒரு வாக்கியம் வரும். “இது ரொம்ப நாளு கும்பிட்ட படம்.” அல்லது, “இத்த யாரும் கும்பிடல.” அவ்வளவுதான். நான் பார்த்தவரை அந்த ஒரு வாக்கியம் தப்பியதே இல்லை.

ஒருநாள் அவரைக் கிண்டல் செய்தேன். “ஊருல எல்லாரும் தெரிஞ்சத சொல்லிப் பேர் வாங்குவாங்க. நீங்கதான்க்கா தெரியாததச் சொல்லிப் பேர் வாங்கறீங்க.”

அவர் சிரிக்கவில்லை. “தெரியாதத கடைசில சொன்னா யாருங்க காதுல வாங்கறாங்க? தெரிஞ்சதக் கேட்டதும் எழுந்து போய்ட்றாங்க” என்றார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. விற்கிறவரும் வாங்குகிறவரும் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தால்தான் படத்தைக் குப்புறப் போடுவார். நான் புதுச்சேரிக்காரருக்காகப் போனால் வீட்டுக்காரரும் கூட நிற்க வேண்டும். எதற்கு இந்த வம்பு என்று கேட்டேன். “நான் ஒண்ணு சொல்லுவன். நீங்க போயி, அக்கா இப்டிச் சொல்லிச்சின்னு சொல்லுவீங்க. போற வழியில ஒரு வார்த்தை உழுந்துடும் தம்பி” என்றார். என்மேல் சந்தேகப்பட்டுச் சொன்னதில்லை. பொதுவாகச் சொன்னதுதான். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவர் ராமர் பட்டாபிஷேகம் கொண்டுவந்தது நினைவிருக்கிறது. தாத்தா ஏதோ ஜமீனிலிருந்து வாங்கி வந்தது, இதை விற்றுத்தான் நிலத்தில் தண்ணீருக்குப் போர் போட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா திருப்பிப் பார்த்தார். வழக்கமான தெரியாதுகளைச் சொன்னார். பிறகு, “பலகை பிளைவுட்டுங்க. உங்க தாத்தா காலத்துது இல்ல. ஆனா கும்பிட்டது நெசம். பாருங்க, எவ்ளோ குங்குமம்” என்று தாளைக் காட்டினார். அந்த மனிதரின் முகம் தொங்கிவிட்டது. அப்புறம் அந்தத் தாளை அப்படியே மடித்துத் தரச் சொல்லி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “எங்கம்மா வெச்சதுங்க” என்றார். அக்கா சட்டத்தை இறுக்கிக் கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்றார். படம் போலி என்று கேட்டுவிட்டு ஒருவர் மனம் நிறைந்து போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புதுச்சேரிக்காரர் அக்காவை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் நான் எந்தப் படத்தை அனுப்பினாலும் போனில் முதல் கேள்வி, “அந்தம்மா என்ன சொன்னாங்க?” என்பதுதான். நான் என்ன நினைக்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது எனக்கு உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கு அது காரணம் என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

தியாகதுருகத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் பெரிய வீடு ஒன்று. வீட்டுக்காரர் குடும்பத்தோடு சேலத்தில் இருந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியை அந்த ஊர்க் கூலிக்காரம்மா ஒருவரிடம் கொடுத்திருந்தார்கள். தினமும் வந்து கூட்டி, சாயங்காலம் பூஜையறை வாசலில் விளக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும். பல வருஷமாக அதைச் செய்து வந்ததில் ஊரே அவரைச் சாவிக்காரம்மா என்று கூப்பிட்டது. வீட்டை விற்கிற பேச்சு வந்தது. அங்கிருந்த ஒரு தஞ்சாவூர்ப் படமும் விலைக்கு வந்தது. மடியில் குழந்தைக் கிருஷ்ணனை வைத்திருக்கும் யசோதை. ஆள் உயரத்தில் பாதி இருக்கும். பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

அக்காவைக் காரில் அழைத்துக்கொண்டு போன அன்று காலையில் வீட்டுக்காரர் போன் செய்து வர முடியவில்லை என்றார், சாயங்காலம்வரை வேலை இருக்கிறதாம்.

“அப்போ நானும் பாக்கலிங்க தம்பி. இன்னொரு நாளு வருவம்” என்றார் அக்கா.

கார் வாடகை, வெயில், மறுபடி அவருக்கு எப்போது ஒழியுமோ என்று என்னென்னவோ சொன்னேன். நீங்கள் சொல்வதை அப்படியே போனில் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு வார்த்தை உழாம சொல்லணும்” என்றார். சரி என்றேன். அவர் தன் பிடிவாதத்தை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான். அது எனக்காக.

படத்தை நானும் டிரைவரும் இறக்கினோம். சாவிக்காரம்மா பூஜையறை நிலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னால், “நான் உள்ள வரமாட்டங்க. அந்தப் படத்தையும் தொட்டதில்லீங்க” என்றார். அக்கா குச்சியை இடுக்கில் விட்டு இழுத்தார். தாளில் ஒன்றுமே விழவில்லை. கண்ணாடியின் ஓரத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். நிமிர்ந்து சாவிக்காரம்மாவைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை.

“கண்ணாடி புதுசுங்க தம்பி” என்றார் என்னிடம். “மாத்துனவன் சட்டத்தப் பிரிச்சி தொடச்சி வெச்சிருக்கான். அதனால இது கும்பிட்டதா கும்பிடாததா, பழசா புதுசா, எனக்குத் தெரியாது. பலகை நல்லாத்தான் இருக்குது. ஆனா பலகைய வெச்சி நான் சொல்ல மாட்டன். தெரியாதுன்னே சொல்லிடுங்க.”

சாயங்காலம் ஸ்டூடியோவிலிருந்து இரண்டு போன் செய்தேன். புதுச்சேரிக்காரரிடம், “பழசுதான் சார், அந்தம்மா சொல்லிட்டாங்க” என்றேன். சேலத்துக்காரரிடம், “பழசு இல்லையாம் சார், அந்தம்மா சொல்லிட்டாங்க. கண்ணாடியே புதுசாம்” என்றேன். எனக்கு அந்தப் படம் பழசு என்பதில் சந்தேகமே இல்லை. விற்கிறவர் குறைத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் என்னை மெச்சுவார், நானும் ஒருமுறை கண்ணுள்ளவனாக ஆவேன். அவ்வளவுதான் யோசித்தேன். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட அன்றைக்குத் தேவைப்படவில்லை.

சேலத்துக்காரர் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார். “எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே வந்த படம்ங்க அது. இது புதுசுன்னா, அது எங்க போச்சு?”

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் வெட்கமாக இருக்கிறது. பொய் சொல்கிறவன் அது எங்கே போய் விழும் என்றாவது பார்க்க வேண்டாமா?

இரண்டு நாளில் அவர் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். படத்தை எடுத்துப்போக என்னையும் வரச் சொல்லியிருந்தார். கூடத்தில் ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர். சாவிக்காரம்மா முற்றத்தில் நின்றார். முதலில் படத்தைத் தொட்டதே இல்லை என்றார், கண்ணாடி எப்படிப் புதுசானது என்று கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வௌவால் ஒன்று உள்ளே வந்துவிட்டதாம். விரட்டுவதற்குக் கம்பை வீசியபோது கண்ணாடியில் பட்டு விரிசல் விழுந்துவிட்டதாம். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, படத்தைப் புடவையில் சுற்றி, ஆட்டோவில் திருக்கோவிலூருக்குக் கொண்டுபோய், தன் கூலியிலிருந்து புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாராம்.

“தொட்டதே இல்லன்ன. இப்ப ஊரு தாண்டி எடுத்துகினு போனன்னு சொல்ற” என்றார் வீட்டுக்காரர்.

“பயந்துகினு சொல்லிட்டங்க. படம் அதே படந்தாங்க. கற்பூரம் கொளுத்துங்க, அணைச்சி சத்தியம் பண்றன்.”

“கற்பூரத்த அணைச்சா உன் கைதான் சுடும். என் படம் வருமா?”

நான் அங்கேதான் நின்றேன். படத்தைப் போர்வையில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அதே படம்தான் என்று அந்தக் கூடத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், சாவிக்காரம்மாவும் நானும். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சாவிக்காரம்மா என்னைப் பார்த்து, “சார், அந்த பிரேம்கார அம்மா நல்லாப் பாத்தாங்களா சார்?” என்று கேட்டார். நான், “பாத்தாங்கம்மா” என்றேன். அதுவும் பொய்யில்லை.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். போலீசுக்குப் போகவில்லை, அதையே பெரிய மனது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். படத்தை, “எடுத்துட்டுப் போங்க, என் கண்ணுல பட வேணாம்” என்று நகல் விலைக்கே என்னிடம் தள்ளிவிட்டார் வீட்டுக்காரர்.

அடுத்த வாரம் அக்கா என் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. சாவிக்காரம்மா கடைக்கு வந்து, படத்தைப் போலி என்று நீங்கள்தான் சொன்னீர்களாமே என்று கேட்டு அழுதுவிட்டுப் போயிருக்கிறார். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போகும்வரை அக்கா நின்றுகொண்டே காத்திருந்தார்.

“நான் இன்னா சொன்னன் தம்பி?”

“தெரியாதுன்னு சொன்னீங்க.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

நான் கேமராவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. திட்டவுமில்லை. அந்த நிலையிலும் நீ என்று ஒரு வார்த்தை வரவில்லை. “ஞாயித்துக்கெழம அந்த சேலத்துக்காரரு ஊருக்கு வர்றாராம். நானும் வர்றன். ரெண்டு பேருமா போயி, நான் சொன்னத நான் சொல்றன், நீங்க சொன்னத நீங்க சொல்லுங்க. அந்தம்மாவுக்குப் போனது திரும்பி வந்துடும்” என்றார். வருகிறேன் என்றேன். காலை பத்து மணிக்குத் தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் என்று பேசிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை ஒரு காதுகுத்துக்கு ஆள் கேட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே வேண்டும் என்றார்கள். வேறு ஆளைக் கைகாட்டியிருக்கலாம். நானே ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்தேகாலுக்குப் போன் அடித்தது. மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்து, எல்லோரும் இங்கே பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிவரை ஐந்து தடவை அடித்தது. கடைசித் தடவை அடித்தபோது போட்டோவுக்கு யாரும் மிச்சம் இல்லை. சும்மாதான் இருந்தேன், ஆனாலும் எடுக்கவில்லை.

அக்கா தனியாகவே போயிருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார்.

“அந்தம்மா வந்துச்சுங்க. தெரியாதுன்னுதான் சொன்னன்னு இப்ப மாத்திப் பேசுது. குங்குமமே வெக்காதவங்களுக்கு நம்ம சாமி படத்தப் பத்தி இன்னா தெரியும்னு கேட்டுட்டன். நீங்க இன்னா சொல்றீங்க?”

யாராவது எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள் என்றால் அது அந்த மனிதர்தான். நேராகக் கேட்டார். நான் சொன்னேன், “வயசாயிடுச்சு இல்லீங்களா. மறந்திருப்பாங்க.”

இரண்டு மாதம் கழித்துப் புதுச்சேரிக்காரர் பேசினார். படத்தைச் சென்னையில் யாரிடமோ காட்டியிருக்கிறார். பலகை, பசை, ரேக்கு எல்லாம் பார்த்து, ரொம்பப் பழசு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். “உங்கக்கா கண்ணு தப்பாதுங்க” என்றார். ஆமாம் சார் என்றேன். அக்கா சொல்லாத ஒன்றுக்காக அவரை ஒருவர் திட்டினார், அக்கா சொல்லாத இன்னொன்றுக்காக அவரை ஒருவர் பாராட்டினார். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அதற்குப் பிறகு அக்கா எந்தப் படத்தையும் குப்புறப் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். யாராவது பழையதைக் கொண்டுவந்தால், எனக்குப் பார்க்க வராது என்று சொல்லிக் கண்ணாடி மட்டும் மாற்றிக் கொடுத்தாராம். மாத்திப் பேசுகிறவர் என்ற பேச்சும் கடைத்தெருவில் கொஞ்ச நாள் இருந்தது. எதிரில் பார்த்தால், “சௌக்கியமா தம்பி?” என்பார். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். ஒருநாள் கடை பூட்டியிருந்தது. திருக்கோவிலூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார் என்றார்கள்.

போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கக் கல்வராயன் மலைக்குப் போனேன். வெள்ளிமலையிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே. வேலை முடிந்து கேமராவை மூட்டை கட்டும்போது விடுதிச் சமையற்கட்டிலிருந்து ஒருவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“போட்டோக்காரருதான? என்னத் தெரியலீங்களா?”

சாவிக்காரம்மா. ஊரில் வீட்டு வேலைக்கு யாரும் கூப்பிடாமல் போனதும் இங்கே வந்துவிட்டாராம். மகள் இந்த விடுதியில் சமையல், இவரும் கூடமாட ஒத்தாசை. உட்கார வைத்து டீ கொடுத்தார். அன்றைக்கெல்லாம் அவரை நான் நீ, வா என்றுதான் பேசியிருந்தேன். இப்போது வாய் தானாக நீங்க என்றது.

“பிரேம்கார அம்மா மலைக்கு ரெண்டு தபா வந்துச்சுங்க என்னப் பாக்க” என்றார். “எம்மேலதான் தப்பு, வூட்டுக்காரரு எதிர்ல இல்லாதப்ப நான் வாயத் தொறந்திருக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி அழுவுது. அது இன்னாங்க பண்ணும், பாவம்.”

“என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

“நான் கேட்டங்க. அதுக்கு அது ஒண்ணும் சொல்லல.” அவரே தொடர்ந்தார். “எனக்குத் தெரியாதா இன்னா? நீங்க போனுல சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. அவருக்கு வூட்ட விக்கணும், என்ன வெளிய தள்ளணும். அதான் மாத்திக்கினாரு. அன்னிக்கு ஞாயித்துக்கெழம நீங்க வருவீங்கன்னு அந்தம்மா ரோட்டையே பாத்துகினு இருந்துச்சு. உங்களுக்கு வேலை இருந்திருக்கும்.”

அக்கா பொய் சொல்லி என்னைக் காப்பாற்றவில்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் சொல்ல வேண்டியதை எனக்கென்றே விட்டுவைத்திருந்தார். டம்ளரில் பாதி டீ இருந்தது. எதிரில் அந்தம்மா, சுற்றிலும் வேறு யாரும் இல்லை, எனக்கு அவசரமும் இல்லை.

“டீ நல்லாருக்குங்க” என்றேன்.

கிளம்பும்போது ஒரு மஞ்சள் பையில் சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தார். “அந்தம்மாவுக்கு சாமைச் சோறுன்னா உசுருங்க. மூணாந்தபா வரன்னுச்சு, முட்டிவலி போலக்குது, வரக்காணோம். திருக்கோவிலூர் உங்களுக்குக் கிட்டத்தான, குடுத்துடுங்க. நம்ம பக்கத்துலேருந்து இங்க வந்த ஒரே சாரு நீங்கதான், உங்ககிட்டதான் குடுத்தனுப்ப முடியும்.”

மூன்று வாரம் அந்தப் பை என் வீட்டில் இருந்தது. இரண்டு தடவை அதை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் தியாகதுருகத்தில் இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். வண்டு விழுந்துவிடும் என்று ஒரு மத்தியானம் என் மனைவி அதை எடுத்துப் பொங்கிவிட்டாள். நன்றாக இருக்கிறதே, யார் கொடுத்தது என்று கேட்டாள். மலையில் தெரிந்தவர் ஒருவர் என்றேன். அடுத்த முறை போனால் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.